காலிக் கட்டத்துக்கு சைபர்

திங்கள், மார்ச் 3

தண்ணீர் கேன்காரர் காலையில் வரவில்லை. இரண்டு முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி வைத்துவிட்டு ஆபீசுக்குப் போனேன்.

போனதும் ரகுபதி சார் கூப்பிட்டார். எங்கள் அறக்கட்டளையின் இயக்குநர் அவர்தான். சனிக்கிழமை மலையில் ஒரு பெண் இறந்துவிட்டதாகச் சொன்னார். பெயர் வேடியம்மாள், இருபத்து மூன்று வயது, ஊர் தேக்கங்கொட்டாய். வீட்டிலேயே பிரசவமாகி, ரத்தம் நிற்காமல், ஜீப்பில் கீழே கொண்டுவரும்போது பாதி வழியில் போய்விட்டாளாம். குழந்தை பிழைத்துவிட்டது. பெண் குழந்தை.

"தவமணி சிஸ்டரோட ஏரியா. ஜனவரில பதிவு பண்ணதோட சரி, அஞ்சு வாரமா அந்தப் பொண்ண யாரும் போய்ப் பாக்கல. ஆப்ல என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லு எழில்."

பார்த்தேன். மலை நர்ஸ்களின் டேப்லெட்டுக்காக நான் எழுதிய ஆப் சரியாகத்தான் ஓடியிருக்கிறது. எங்கும் எந்தப் பிழையும் பதிவாகவில்லை. சாரிடம் அப்படியே சொன்னேன்.

மதியம் தயிர்சாதம். கேன் சாயங்காலம் வந்தது.

செவ்வாய், மார்ச் 4

விசாரணைக் குழு அமைத்திருக்கிறார்கள். ஆப் எப்படி வேலை செய்கிறது என்று டெக்னிக்கல் இல்லாமல் ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார் சார். இங்கே எழுதிப் பார்க்கிறேன். இந்த டைரி ஒரு மருந்து கம்பெனி கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் கீழே இரும்புச்சத்து டானிக் விளம்பரம் இருக்கிறது. இரண்டு மாதமாக எழுதுகிறேன், இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

மலையில் சிக்னல் கிடையாது. அதனால் ஒவ்வொரு நர்ஸின் டேப்லெட்டுக்குள்ளேயும் ஒரு சின்ன டேட்டாபேஸ் உட்கார்ந்திருக்கிறது. சர்வர் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம், எல்லாம் ஒரே ஒரு ஃபைல். அதற்குக் கூட்டத் தெரியும், எண்ணத் தெரியும், பெரியதிலிருந்து சிறியதுவரை அடுக்கத் தெரியும். ஒரு கர்ப்பிணிக்கு எவ்வளவு ஆபத்து என்பது மட்டும் தெரியாது. அதை நாம் சொல்லிக்கொடுக்கலாம். பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு குட்டிக் கணக்கு, எழுதி, ஒரு பெயர் வைத்து, 'இதையும் உன்னுடையதாகச் சேர்த்துக்கொள்' என்று டேட்டாபேஸிடம் பதிவு செய்துவிட்டால் போதும். அதன் பிறகு, தனக்குப் பிறவியிலேயே தெரிந்த கூட்டலை எப்படிக் கூப்பிடுமோ, நாம் எழுதியதையும் அப்படியே கூப்பிடும். சந்தேகப்படாது.

நான் எழுதிய ஃபங்ஷனின் பெயர் 'அபாயம்'. வயது, மாதம், முந்தைய பிரசவம், ரத்த அழுத்தம், அப்புறம் ஹெச்பி என்று நர்ஸ்கள் சொல்கிற ரத்தச் சத்தின் அளவு, இந்த ஐந்தையும் வாங்கிக்கொண்டு நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரு மார்க் போடும். மார்க் கூடினால் ஆபத்து கூடுதல். அந்த வரிசையில் பட்டியல் வரும். முதல் பதினைந்து பேரை அந்த வாரம் கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டும். மீதிப் பேரை நேரம் கிடைத்தால் பார்க்கலாம்.

நேரம் கிடைக்காது. தவமணி சிஸ்டருக்கு ஒன்பது ஊர், எல்லாம் நடை. இதைக் குழுவுக்கு எழுத வேண்டாம்.

சார் படித்துவிட்டு, "அருமையா இருக்கு. 'சந்தேகப்படாது'ங்கறத மட்டும் எடுத்துடு" என்றார். எடுத்துவிட்டேன்.

புதன், மார்ச் 5

புதன்கிழமைகளில் எல்லா நர்ஸும் அடிவாரத்துக்கு வந்து டேப்லெட்டை நெட்டில் இணைப்பார்கள். புது வெர்ஷன் ஏற்றினேன். குறிப்பில் 'சிறு திருத்தங்கள்' என்று எழுதினேன். பதினான்கு டேப்லெட்டுக்கும் போய்விட்டது.

வெண்டைக்காய் வாங்கினேன். பாதி முற்றல்.

வியாழன், மார்ச் 6

தவமணி சிஸ்டரை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். டேப்லெட்டை ஒப்படைக்க ஆபீசுக்கு வந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். எப்போதும் கத்திப் பேசுகிறவர், மலையில் ஒரு மேட்டிலிருந்து இன்னொரு மேட்டுக்குப் பேசிப் பேசி வந்த பழக்கம். இன்றைக்கு மெதுவாகப் பேசினார். ரகுபதி சார் டேப்லெட்டை ஒரு காக்கி கவரில் போட்டு ஒட்டி, மேலே சிஸ்டரிடமும் என்னிடமும் கையெழுத்து வாங்கினார்.

வெளியே வராந்தாவில் சிஸ்டர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"எழில்மா, அவ பேரு கடைசில இருந்துச்சும்மா. நாப்பத்தொண்ணு பேர்ல நாப்பத்தொண்ணாவது. வாராவாரம் அங்கதான் இருந்துச்சு."

"ஹெச்பி என்ன போட்டீங்க சிஸ்டர்?"

"போடல. பாக்கற ஸ்ட்ரிப்பு தீந்துபோச்சுன்னு டிசம்பர்லயே எழுதிக் குடுத்தன். ஜனவரிக்கு மேல பதிவான ஒம்போது பேருக்கும் அந்தக் கட்டம் காலிதான். இல்லாத நம்பர நான் எங்கேர்ந்து போடறது?"

"பாக்கறேன் சிஸ்டர்" என்றேன்.

"பாருமா. உனக்குத்தான் அது தெரியும்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

சனி, மார்ச் 8

மகளிர் தினம். ஆபீசில் கேக். சிறந்த பெண் பணியாளர் என்று எனக்கு ஒரு ஷீல்டு கொடுத்தார்கள். "நம்ம எழிலரசியோட ஆப் வந்த எட்டு மாசத்துல எத்தனை தாய்மார்களை..." என்று மைக்கில் ஆரம்பித்த சார் நடுவில் நிறுத்திவிட்டு, "சரி, எல்லாரும் கேக் எடுத்துக்கங்க" என்றார்.

கேக் எடுத்துக்கொண்டேன். என்ன ருசி என்று தெரியவில்லை. ஷீல்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, பழைய பேப்பர் கட்டுக்குப் பின்னால் வைத்தேன்.

ஞாயிறு, மார்ச் 9

துணி துவைத்தேன். ஃபிரிட்ஜைத் துடைத்தேன். மின்விசிறியைத் துடைத்தேன். சேரன், என் கணவர், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றார். கிருஷ்ணகிரியில் பள்ளிக்கூட வாத்தியார் என்பதால், கேள்வியை எப்போதும் சுற்றிவளைத்துத்தான் கேட்பார்.

"எழிலு, நாலு நாளா சமையல்ல உப்பு இல்ல. டாக்டர் எதாச்சும் சொன்னாரா?"

"நீங்க சொல்லவே இல்லையே."

"நானே போட்டுக்கிட்டேன். நீ போட்டுக்காமலே சாப்பிட்ட. அதான் கேக்கறேன்."

தலைவலி என்றேன். மத்தியானம் குழம்பில் உப்பு போட்டேன். அதிகமாகிவிட்டது என்று அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

செவ்வாய், மார்ச் 11

ஆப் தொடங்கியதிலிருந்து நடந்ததையெல்லாம் தேதிவாரியாகக் கேட்டிருக்கிறது குழு. ஜூலை மாதத்துக் குறிப்புகளை எடுத்தேன்.

ஜூலை 9, தொடக்க விழா. பந்தல், நாற்காலி, குத்துவிளக்கு எல்லாம் அடிவாரத்தில். அதற்கு முந்தின நாள்தான் நர்ஸ்களின் நோட்டுகளையெல்லாம் நான் வாங்கிவந்திருந்தேன், இனி எல்லாம் ஆப்தான் என்று. தவமணி சிஸ்டர் மேடையேறி டேப்லெட்டைத் தொட்டார். பட்டியல் வரவில்லை. வெள்ளைத் திரை. இன்னொரு முறை தொட்டார். வெள்ளைத் திரை.

காரணம் எனக்குப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. யாரோ ஒரு பெண்ணுக்கு ஒரு கட்டம் நிரப்பாமல் இருந்தது. காலிக் கட்டத்தை எண்ணோடு ஒப்பிடச் சொன்னால் பைத்தான் முரண்டு பிடிக்கும். ஃபங்ஷன் ஒரு பெண்ணிடம் முரண்டு பிடித்தால் டேட்டாபேஸ் மொத்தப் பட்டியலையும் நிறுத்திவிடும். 'நீங்கள் எழுதிக் கொடுத்த ஃபங்ஷனில் ஏதோ பிழை' என்று மட்டும் சொல்லும். எந்தப் பெண், எந்தக் கட்டம், எதையும் சொல்லாது. பந்தலில் இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து இரண்டு வரி சேர்த்தேன். என்ன பிழை வந்தாலும் கண்டுகொள்ளாதே, சைபர் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் போ.

பட்டியல் வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அப்புறம் உட்கார்ந்து நிதானமாகச் சரிசெய்யலாம் என்றுதான் இருந்தேன். அந்த அப்புறம் வரவில்லை.

இன்றைக்கு மற்ற பதிமூன்று டேப்லெட்டின் பதிவுகளையும் பார்த்தேன். ஸ்ட்ரிப் தீர்ந்த மாதங்களிலும் அவர்களிடம் கட்டம் காலியாக இல்லை. பத்து, பத்து, பத்தரை, பத்து. மனசுக்குத் தோன்றியதைப் போட்டிருக்கிறார்கள். தவமணி சிஸ்டர் மட்டும்தான் தெரியாததைத் தெரியாது என்று விட்டிருக்கிறார். அவருடைய ஒன்பது பெண்களுக்கும் சைபர். சமமான மார்க் வந்தால் பெயர் வரிசை. வேடியம்மாள் கடைசி.

புதன்கிழமை ஏற்றிய வெர்ஷனில் அதைத்தான் திருத்தினேன். இனிமேல் கட்டம் காலியாக இருந்தால் மார்க் நூறு, பெயர் மேலே வந்துவிடும். ஆக, இனி யாருக்கும் ஆபத்து இல்லை. போனது போய்விட்டது. சொல்வதால் யாரும் திரும்பி வரப்போவதில்லை. குழுவுக்குக் கொடுத்த பட்டியலில் ஜூலை 9-க்கு நேராக 'தொடக்க விழா, வெற்றிகரம்' என்று எழுதினேன்.

வியாழன், மார்ச் 13

விசாரணை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பெரிய மேஜை. நடுவில் டாக்டர் வசுமதி, குழுவின் தலைவர், பெரியாஸ்பத்திரியில் பிரசவ டாக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். பக்கத்தில் ரகுபதி சார். எதிரில் தவமணி சிஸ்டர். கதவுப் பக்கம் வேடியம்மாளின் கணவன் மாது. சலவைச் சட்டை போட்டிருந்தான். மடிப்பு கலையக்கூடாது என்பதுபோல் முதுகை ஒட்டாமல் உட்கார்ந்திருந்தான்.

காக்கி கவரைப் பிரித்து டேப்லெட்டை என்னிடம் கொடுத்தார்கள். பிப்ரவரி மூன்றாம் தேதி வாரத்துப் பட்டியலைக் காட்டச் சொன்னார் டாக்டர். எந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த வாரத்துப் பட்டியல் வரும்படி செய்திருந்தேன். வாரத்தைத் தேர்ந்தெடுத்தேன். பட்டியல் வருகிற அந்த ஒரு விநாடிக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

பட்டியலை நாங்கள் எங்கேயும் சேமித்து வைக்கவில்லை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் டேட்டாபேஸ் புதிதாக 'அபாயம்' ஃபங்ஷனைக் கூப்பிட்டுக் கணக்குப் போடுகிறது. பிப்ரவரிப் பட்டியலானாலும் கணக்கு இன்றைய ஃபங்ஷனுடையது. நான் திருத்தியது.

காலிக் கட்டம் உள்ள ஒன்பது பேரும் மேலே இருந்தார்கள். ஒன்பது பேருக்கும் நூறு. சமமான மார்க்குக்குப் பெயர் வரிசை வேண்டாம், மாதம் கூடினவர் முதலில் என்று அதையும் நல்லபடியாக மாற்றியிருந்தேன். வேடியம்மாளுக்கு எட்டாம் மாதம். முதல் பெயர் அவளுடையது.

"மொத பேரே அந்தப் பொண்ணுதானே?" என்றார் டாக்டர்.

சிஸ்டர் எழுந்துவந்து குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இல்லீங்க டாக்டர். இப்பிடி இல்ல. கடைசில இருந்துச்சு."

"மெஷின் பொய் சொல்லாது சிஸ்டர்" என்றார் ரகுபதி சார். அவருக்கும் தெரியாது, பாவம்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இந்த வரிசை பின்னாடி மாறுமா?"

"அளவு மாறினாத்தான் வரிசை மாறும் டாக்டர்."

இது பொய்யில்லை என்று அந்த நிமிடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கதவுப் பக்கத்திலிருந்து மாது கேட்டான். கோபமாகக்கூட இல்லை. "மொத ஆளா பேரு இருந்துமா வர்ல சிஸ்டர்?"

தவமணி சிஸ்டர் அவனைப் பார்த்தார். வாயைத் திறந்தார். ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலிக்குத் திரும்பிப்போய் உட்கார்ந்துகொண்டார். பத்து நாளில் முடிவு என்று சொல்லி, டேப்லெட்டைத் திரும்பவும் கவரில் போட்டு ஒட்டினார்கள். மறுபடியும் கையெழுத்துப் போட்டேன்.

வெள்ளி, மார்ச் 14

தலைக்குக் குளித்தேன். ஆபீசுக்குப் போகவில்லை.

ஞாயிறு, மார்ச் 16

மாவு அரைத்தேன். வேலை செய்ய முடிகிறது. பேச முடிகிறது. அண்ணன் போன் செய்தான், அவன் மகளுக்குக் காது குத்துவதற்குத் தேதி பார்த்திருக்கிறார்களாம், சிரித்துக்கூடப் பேசினேன். உள்ளே மட்டும் ஒன்றும் இல்லை. ஊசி போட்ட பிறகு பல் டாக்டர் பல்லைத் தட்டிக் காட்டுவாரே, அந்த மாதிரி. தட்டுவது தெரிகிறது.

சேரன் இட்லி சாப்பிட்டுக்கொண்டே, "அந்த நர்ஸம்மா விஷயம் என்னாச்சு?" என்றார்.

"வேலை போயிடும்னு நெனைக்கறேன்."

"தப்பு அவங்க மேலயா?"

"பட்டியல்ல மொத பேரு."

"நான் அதக் கேக்கலையே" என்றார். அப்புறம் எழுந்து கைகழுவப் போய்விட்டார்.

திங்கள், மார்ச் 17

பழைய வெர்ஷன்கள் எல்லாமே என் லேப்டாப்பில் பத்திரமாக இருக்கின்றன. இதில் மட்டும் நான் ஒழுங்கானவள். பிப்ரவரியில் ஓடியதை வெளியே எடுத்தேன். தவமணி சிஸ்டரின் டேப்லெட்டிலிருந்து கடைசியாக வந்த தகவலின் நகலை அதற்குக் கொடுத்தேன். நாற்பத்தோராவது வரியில் வேடியம்மாள். மதிப்பெண் சைபர். சிஸ்டர் சொன்னது அப்படியே.

ரகுபதி சாரிடம் காட்டினேன். நல்ல மனிதர். திட்டவில்லை. எனக்கு டீ வரவழைத்தார்.

"யாரும் வேணும்னு பண்ணல எழில்."

"ஆமா சார்."

"இப்ப திருத்தியாச்சு. சிஸ்டருக்கு நம்ம மத்த சென்டர்ல எங்கயாச்சும் எடம் பாத்துக் குடுத்துடலாம். நீ இத வெளிய சொன்னா பதினாலு நர்ஸும் டேப்லெட்ட மூடி வெச்சுட்டு நோட்டுக்குப் போயிடுவாங்க. நோட்டு இருந்த காலத்துல வருஷத்துக்கு ஏழு பேர் செத்தாங்க. இந்த எட்டு மாசத்துல ஒண்ணு. அதையும் நீ யோசிக்கணும்."

அவர் சொன்ன எண்கள் சரி. நான்தான் அந்த அறிக்கையைத் தயாரித்தேன். டீயைக் குடித்தேன். ஆடை படிந்திருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் மாது கேட்டதை நினைத்தேன். அவன் ஊருக்குத் திரும்பிப்போய் எல்லாரிடமும் சொல்லியிருப்பான், முதல் பெயராக இருந்தும் சிஸ்டர் வரவில்லை என்று. ஒன்பது ஊரிலும் இந்நேரம் அதுதான் பேச்சாக இருக்கும். வேறு சென்டரில் இடம் கொடுக்கலாம். அந்த மலையில் அந்த அம்மாவுக்கு இருபத்தாறு வருஷத்துப் பெயர். அதை யார் கொடுப்பது?

செவ்வாய், மார்ச் 18

கேஸ் சிலிண்டருக்குப் புக் செய்தேன். டாக்டர் வசுமதிக்குப் போன் செய்தேன். நாளைக்குப் பதினொரு மணிக்கு வரச் சொன்னார்.

புதன், மார்ச் 19

டாக்டர் வீட்டில் முன்னறையையே கிளினிக்காக வைத்திருக்கிறார். லேப்டாப்பைத் திறந்து இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஒரே தகவல், இரண்டு ஃபங்ஷன். ஒன்றில் முதல் பெயர், மற்றதில் கடைசிப் பெயர். தொடக்க விழாவைச் சொன்னேன். இரண்டு வரியைச் சொன்னேன். மார்ச் ஐந்தாம் தேதி செய்ததைச் சொன்னேன்.

"அன்னைக்கு நான் உங்ககிட்ட நேரடியா கேட்டேனே."

"பொய் சொன்னேன் டாக்டர்."

தலையை ஆட்டினார். "எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. ஏன் சைபர்? நூறு போட்டிருந்தாலும் அன்னைக்குப் பட்டியல் வந்திருக்குமில்ல?" என்றார்.

வந்திருக்கும். அதே இரண்டு வரிதான், இன்னும் இரண்டு எழுத்து அடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் யோசிக்கவே இல்லை. கை தானாகப் போட்டது.

"எங்க வேலையில தெரியலன்னா சைபர் போட்டுத்தான் பழக்கம் டாக்டர்."

"எங்க வேலையில தெரியலன்னா அந்தக் கேஸத்தான் மொதல்ல பாப்போம்" என்றார். குத்திக்காட்டவில்லை, சும்மா சொன்னார்.

எழுதிக் கொடுக்கச் சொன்னார். மூன்று பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாதுவுக்கும் அவரே சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். திரும்பும்போது ஆட்டோவில் எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. இறங்கி சில்லறை வாங்க மறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

வெள்ளி, மார்ச் 21

ரகுபதி சார் லீவில் போகச் சொல்லிவிட்டார். எவ்வளவு நாள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சேரனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நாளைக்கு அந்தம்மாவப் போய்ப் பாரு. போன்ல பேசாத" என்றார்.

சனி, மார்ச் 22

காலை ஏழரை பஸ். தவமணி சிஸ்டரின் வீடு அடிவாரத்தில், மலைப்பாதை தொடங்கும் இடத்துக்கு நாலு வீடு முன்னால். வாசலில் புளியை உலர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. மோர் வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.

"டாக்டர் போன் பண்ணாங்க. சொன்னாங்க" என்றார்.

தயார்செய்து வைத்திருந்ததை எல்லாம் சொன்னேன். தப்பு என்னுடையது, உங்கள் மேல் ஒன்றும் இல்லை, நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை, திங்கட்கிழமை உங்களுக்கு ஆர்டர் வந்துவிடும். அவர் புளியிலிருந்து கொட்டையை எடுத்தபடியே கேட்டார். நான் சொல்லி முடித்ததும், முடிந்துவிட்டதா என்பதுபோல் நிமிர்ந்தார்.

"என் மேல ஒண்ணுமில்லன்னு நீ எப்பிடி சொல்ற?"

எனக்குப் புரியவில்லை.

"பிப்ரவரில ஒரு நாள் தேக்கங்கொட்டாய் வழியாத்தான் போனன். வேற ஊருக்கு. அவ வாசல்ல உக்காந்து கேவுரு பொடச்சிக்கினு இருந்தா. சிஸ்டர்னு கூப்ட்டா. நின்னு பாத்தன் கண்ணு. மொகம் வெளுத்துப்போயி, ஒதடு வெளுத்துப்போயி. இருவத்தாறு வருசமா பாக்கற மூஞ்சிதான, எனக்குத் தெரியாதா? பையிலேர்ந்து டேப்லெட்ட எடுத்துப் பாத்தன். கடைசில இருந்துச்சு. அப்ப ஒண்ணுமிருக்காது, வெயில்ல உக்காந்திருக்கறா, அதான் அப்பிடித் தெரிதுன்னு நெனச்சன். அடுத்த வாரம் வர்றன்னு சொல்லிட்டுப் போயிட்டன்."

புளியைக் கீழே வைத்தார்.

"என் கண்ணுக்குத் தெரிஞ்சுது. நீ எழுதுனத நம்பி என் கண்ண நம்பாம போயிட்டன். அன்னிக்கு அவன் கேட்டானே, ஏன் வர்லன்னு. அதுக்குத்தான் எனக்கு வாய் வர்ல."

அப்போதுதான் அழுகை வந்தது. மார்பில் ஒரு பக்கமாக வலிக்க ஆரம்பித்து, அப்புறம் மூச்சு விட முடியாமல், அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். இருபது நாளாக எங்கே இருந்ததோ தெரியவில்லை. வேடியம்மாளை நான் பார்த்ததே இல்லை. கேழ்வரகு புடைக்கிற ஒரு பெண், முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ போகிறார்களே என்று கூப்பிடுகிறாள். அது மட்டும் தெரிந்துகொண்டே இருந்தது. சிஸ்டர் என்னைத் தொடவில்லை, தேற்றவும் இல்லை. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"எழிலு. அந்த ஒம்போது பேர்ல இவ போவ மிச்சம் எட்டுப் பேரு. அவுங்கள இப்ப யாரு பாக்கறா?"

அவருடைய இடத்துக்கு வேறு ஆளைப் போடவில்லை. அவர் டேப்லெட் கவருக்குள் இருக்கிறது. திருத்திய ஃபங்ஷன் அந்த எட்டுப் பேரையும் மேலே கொண்டுவந்து, ஒட்டிய கவருக்குள் யாருக்கும் தெரியாமல் வைத்திருக்கிறது. கவரின் மேல் என் கையெழுத்து. இனி யாருக்கும் ஆபத்து இல்லை என்று எழுதிவைத்தவள் நான்.

"பதினாறு நாளாச்சு, யாரும் மேல ஏறல" என்றார். "பொட்டியில இருக்குதில்ல? எடு."

லேப்டாப்பை எடுத்தேன். பாஸ்வேர்டு மூன்று முறை தவறியது. பட்டியல் வந்தது. ஈச்சங்கொட்டாய், மாதி, ஒன்பதாம் மாதம் என்று படித்தேன். அடுத்த பெயருக்குள் கண்ணீரில் திரையே தெரியவில்லை, முகத்தைத் துடைக்க லேப்டாப்பை மூடப் போனேன். நிமிர்ந்து பார்த்தால் சிஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியில் நிற்கிறார்.

"மூடாத. அழுதுகினே படி" என்றார்.